என் தோழி ராஜாவைக் கட்டிக்கொண்ட கதை

அந்த மனிதரை எனக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலானவர்களை எனக்கு முதல் பார்வையில் பிடிப்பதில்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அரச பரம்பரை என்றதும் வகுப்பே கொட்டாவி விடுவதைப் பார்த்துப் பழகியவள்.

என் தோழி கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். ஆடலூர்ப் பக்கம் அவளுடைய அப்பாவுக்குப் பெரிய காப்பித் தோட்டம். அவர் இறந்ததும் ஒரே மகளான அவள் கைக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. சொத்து வந்தால் மற்றவர்கள் கார் வாங்குவார்கள். இவள் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குள் போய்ப் பார்த்தாள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஒழுகும் தகரக் கூரைகள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். இடிக்கச் சொல்லிவிட்டுப் புது வீடுகள் கட்டினாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றாள். வீட்டையும் அது நிற்கும் மண்ணையும் குடியிருப்பவர்கள் பேருக்கே எழுதித் தரப்போவதாகச் சொன்னபோது, சொந்தக்காரர்கள் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் வந்தார். கீழே சமவெளியில் ஒரு பழைய பாளையத்தின் வாரிசு. அரண்மனை என்று ஒன்று இருந்தது. முன்பக்கம் கல்யாண மண்டபம், பின்பக்கம் வௌவால். ஊரில் இன்னமும் அவரைச் ‘சின்ன ராஜா’ என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன ராஜாவுக்கு எம்.எல்.ஏ. ஆகவேண்டும்.

அன்று நானும் அங்கே இருந்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாள் கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, “இந்த மாதிரி டீ எங்க அரண்மனையில கூடக் கெடைக்காதுங்க” என்றார். கண்ணைத் திறந்ததும், கூட்டி வந்த கேமராக்காரரிடம் மெதுவாக, “வந்துருச்சா?” என்றார். வரவில்லை போலிருக்கிறது. மறுபடி கண்ணை மூடி மறுபடி அதையே சொன்னார். அந்த அம்மாள் காலி டம்ளரை இன்னொரு தடவை நீட்டவேண்டியிருந்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு தோழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அதன்பிறகு வாராவாரம் வந்தார். மாம்பழக் கூடை, வாழைநாரில் கட்டிய மல்லிகை. அவளுடைய திட்டங்களையே கொஞ்சம் கனத்த குரலில் அவளிடம் திருப்பிச் சொல்வார். முதல்முறை கேட்பதுபோல் அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். ஒரு ஐப்பசியில் மண் சரிந்து ரோடு அடைபட்டபோது, காய்ச்சலில் கிடந்த அவளுக்கு மருந்து வாங்கிக்கொண்டு மழையில் நடந்தே மேலே வந்தார். தனியாகத்தான் வந்தார், கேமரா இல்லாமல். இதை நான் மறைக்கக் கூடாது. அடுத்த கூட்டத்திலேயே அதை மைக்கில் சொல்லிவிட்டார் என்பதையும் மறைக்கக் கூடாது.

கல்யாணம் பேசி முடித்தபிறகு ஒரு சாயங்காலம், பங்களா வராந்தாவில் மெல்ல ஆரம்பித்தார்.

“அந்த வீட்டு எழுத்தை எலெக்‌ஷன் முடியுற வரைக்கும் தள்ளிப் போடுவோமே. தோட்டக்காரங்க எல்லாம் கோவமா இருக்காங்க. அவுங்க இல்லாம எனக்கு சீட்டு இல்லைங்க. ஜெயிச்சதும் மேடை போட்டு, நானே என் கையால குடுத்துர்றேன்.”

“உங்க கையாலயா?” என்றேன் நான். “மண்ணு அவளோடதுல்ல?”

“கல்யாணத்துக்கு அப்புறம் அவுங்களோடது, என்னோடதுன்னு என்னங்க டீச்சர் இருக்கு?” என்று சிரித்தார்.

“பாக்கலாங்க” என்றாள் அவள்.

மறுநாள் வெள்ளனே என்னைப் பெருமாள்மலையில் பஸ் ஏற்றிவிட ஜீப்பை எடுத்தாள். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

“அந்தாளு உன்னையக் கட்டலடி. உன் நல்ல பேரைக் கட்டிக்கிறான்.”

“தெரியும்டி.”

“தெரிஞ்சுமா?”

“அவர் வர்ற அன்னிக்கெல்லாம் எனக்குச் சந்தோஷமா இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?”

இத்தனை படித்தவள் சொல்லும் பதிலா இது? போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளே போன் செய்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட வரச் சொன்னாள். தொழிலாளிகளை ஜீப்பிலும் லாரியிலும் ஏற்றிக்கொண்டு கீழே பத்திர ஆபீசுக்குப் போனோம். மேடை இல்லை, மாலை இல்லை. விரலில் மையோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

“ராசாவுக்குத் தெரியுங்களாம்மா?” என்று ஒரு பெண் பயந்தபடி கேட்டாள்.

“நாளைக்குத் தெரியும்” என்றாள் என் தோழி. பிறகு என் பக்கம் திரும்பி, “கல்யாணத்துக்கு அப்புறம் அவர் கேட்டா எனக்கு மாட்டேன்னு சொல்ல வராதுடி. அதான் வெரசா முடிச்சிட்டேன்” என்றாள்.

ஒரு மனிதனை அவ்வளவு ஆசைப்பட்டுக்கொண்டே அவனை ஒரு துளியும் நம்பாமல் இருக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நம்பாதவனை எதற்குக் கட்டவேண்டும் என்பது இன்றுவரை தெரியவில்லை.

சீட்டு ஒரு கல்குவாரிக்காரருக்குப் போயிற்று. கல்யாணம் நின்றுவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான் நிம்மதியாகவே காத்திருந்தேன். ஆனால் அவர் வந்தார். நேரம் கழித்து, முகம் செத்துப்போய், வந்தார். மணவறையில் தட்டைப் பிடித்தபடி நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார் தாழ்ந்த குரலில்.

“கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்” என்றாள்.

அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஓமப் புகை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

இப்போது அவர் மூன்றாவது கட்சியில் இருக்கிறார். அங்கேயும் சீட்டு இல்லை. பங்களாவின் பாதியில் சுற்றுலாக்காரர்களைத் தங்கவைக்கிறார்கள். போன கோடை விடுமுறையில் நானும் போயிருந்தேன். பொழுது சாயும் நேரம் விருந்தாளிகளைப் புல்தரையில் உட்காரவைத்து, சரிவில் தெரிந்த வீடுகளைக் காட்டி, “எங்க கல்யாணத்தப்போ நாங்க குடுத்ததுங்க” என்றார். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் கைதட்டினாள்.

தோழி திருத்துவாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மடியில் கிடந்த மஃப்ளரை எடுத்து, “பனி எறங்குது, கட்டிக்குங்க” என்றாள். சின்ன ராஜா பேச்சை நிறுத்திவிட்டு அவள் பக்கம் குனிந்து கழுத்தை நீட்டினார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.