பகலில் குளிர்ந்த உடம்பு

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் சித்தார்த்தன். கடையோரம் உட்கார்ந்து, மல்லாட்டை எனும் வேர்க்கடலையை வேகவைத்து விற்பவள் அவர் மனைவி கலையரசி. மயிலம் சாலையில் அவள் வந்த ஷேர் ஆட்டோவை லாரி இடித்தபோது கண்ணாடிச் சில்லுகள் இரண்டு கண்களிலும் ஏறிவிட்டன. இரண்டு கண்களையுமே எடுத்துவிட வேண்டியதாயிற்று. சில மாதங்களிலேயே திரும்பவும் கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பார்வை போனதைச் சமாளித்தவளால் தூக்கத்தைச் சமாளிக்க முடியவில்லை.

முதலில் கொஞ்சம் தாமதமாகத் தூக்கம் வந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் தாமதம். அப்படியே நகர்ந்து நகர்ந்து, ஊர் எழுந்திருக்கும் வேளையில் அவளுக்குத் தலை சாயத் தொடங்கியது. பகலெல்லாம் கல்லாகக் கிடப்பாள். இருட்டினால் உடம்பு பரபரக்கும். பாயைச் சுருட்டுவாள், விரிப்பாள், அடுக்கிய பாத்திரத்தையே கலைத்து மறுபடி அடுக்குவாள். சில வாரங்களில் தானாகவே சரியாகும். அப்பாடா என்று உட்காருவதற்குள் திரும்பவும் நழுவும்.

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் குளிர்கிறது என்று போர்வை கேட்டாள். காய்ச்சலோ என்று பார்த்தால், தெர்மாமீட்டர் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டியது. சித்தார்த்தனின் தங்கை ரோஜா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையால் மயக்கம்தான் வந்தது.

ஒரு நாள் காலை, மல்லாட்டை வெந்துகொண்டிருக்கும்போதே அடுப்பருகில் தூங்கிப்போனாள். தண்ணீர் வற்றிப் பானை கருகி, முந்தானையில் நெருப்புப் பிடித்தது. ரோஜா ஓடிவந்து அவளை இழுத்துப் போட்டு நெருப்பை அணைத்தாள். அன்றைக்குச் சித்தார்த்தன் பொறுமை இழந்தார்.

“வேலை செய்ய இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. இப்டி எந்நேரமும் தூங்கிக்கினு கெடந்தா நான் இன்னா பண்றது?”

“நான் தூங்கலீங்க. தூக்கம் என்னை இழுத்துக்கினு போவுது” என்றாள் கலையரசி. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயம் அவளுக்கு வெகுநாளாக இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

ரோஜாதான் அண்ணனிடம் பேசினாள். இது சோம்பல் இல்லை, போவதும் வருவதுமாக ஒரு சுற்றில் நடக்கிறது, டாக்டரிடம் காட்டலாம் என்றாள். மூவரும் விழுப்புரத்துக்குப் போய், ஆர்த்தி என்ற நரம்பு மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரண்டு கண்ணையும் முழுசாக எடுத்துவிட்டார்களா என்று விசாரித்தார். ஆமாம், வெளிச்சம்கூடத் தெரியாது என்றாள் கலையரசி.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறதாம். எப்போது தூங்குவது, உடம்புச் சூடு எப்போது ஏறி எப்போது இறங்குவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. அதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பலருக்கும் அது ஒரு நாளைவிடச் சற்று நீளமாகவே ஓடும். கண் வழியாகப் போகும் வெளிச்சம் தினமும் அதைத் திருத்தி வைக்கும். கலையரசிக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேரவில்லை. அதனால் கடிகாரம் தன் போக்கில் தள்ளிக்கொண்டே போகிறது, சுற்றி வந்து ஊரோடு சேரும் சில நாள் மட்டும் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். பகலில் குளிர்வதும், உடம்புக்கு அப்போது ராத்திரி என்பதால் சூடு இறங்குவதுதானாம்.

“அப்போ கண்ணு பாக்கறதுக்கு மட்டும் இல்லீங்களா?”

“இல்லம்மா. பொழுது விடிஞ்சதை மூளைக்குச் சொல்றதும் அதுதான்.”

விபத்துக்குப் பிறகு பிறர் எதிரில் அழாதவள், இது பைத்தியம் இல்லை என்று தெரிந்ததும் அங்கே அழுதாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, தெரியாமல் பேசிவிட்டதாகச் சித்தார்த்தன் சொன்னார்.

“எனக்கே தெரியல. உங்களுக்கு எப்டித் தெரியும்?” என்றாள்.

பொழுது சாய்ந்ததை மூளைக்குச் சொல்லும் மெலடோனின் மாத்திரையைத் தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் போட வேண்டும், சாப்பாடும் குளியலும் நேரம் மாறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. மாத்திரையைத் தூக்கி எறியப் போனவளை ரோஜா தடுத்தாள். அதற்கப்புறம் மெல்ல மெல்ல ராத்தூக்கம் நிலைத்தது. பொம்மையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கியபோது மாத்திரையை மறந்ததில் எல்லாம் மறுபடி குலைந்து, பழைய நிலைக்கு வர வாரக்கணக்கானது.

இப்போது பெரும்பாலும் காலையிலேயே கூடையோடு வந்துவிடுகிறாள். என்றாவது மதியத்தில் தலை தொங்கினால், சித்தார்த்தன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வியாபாரத்தைப் பார்க்கிறார். கேட்டவர்களுக்கெல்லாம் கை நிறைய அள்ளிக் கொடுத்துவிடுகிறார் என்று எழுந்ததும் திட்டுகிறாள்.