பச்சைத் தொப்பி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு நான் வைத்த பெயர் வக்கீலம்மா. எதைச் சொன்னாலும் எழுதிக் கொடு என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஈரமான படுக்கை விரிப்பைச் சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் விடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மறுமுனையைப் பிடிப்பவள் நான். இந்த நாட்டுக்கு இருவரும் ஒரே வருடம் வந்தோம், போவதும் ஒரே பள்ளிவாசல். அவள் முக்காட்டோடு வேலை செய்தாள். நான் என்னுடையதை வாசலிலேயே கழற்றிப் பையில் திணித்துவிடுவேன். எதற்கு வம்பு என்றுதான்.

புது மேற்பார்வையாளன் வந்த மறுவாரமே அவளிடம் நேராக வந்தான்.

“திங்கக்கிழமையிலேர்ந்து தலையில துணி வேண்டாம். மெஷின்ல சிக்கிடும்.”

“அதோ அந்த மூலையில துணி மடிக்கிறவ முடி இடுப்பு வரைக்கும் தொங்குது. அது சிக்காதா?”

“நான் உன்னைப் பத்திப் பேசறேன்.”

“அப்ப எழுதிக் குடுங்க.”

அவன் தரவில்லை. வீட்டிலோ அவள் கணவர், கழட்டித் தொலை என்றாராம். பஸ்ஸில் என்னிடம் பொருமித் தள்ளினாள்.

“போடச் சொன்னதும் இவங்க இல்ல. கழட்டச் சொல்ல இவங்க யாரு? பயந்து கழட்டற ஆளு நான் இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. என்னைத்தான் குத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்ததும் முக்காட்டை மடித்து வைத்தாள். நாங்கள் துவைத்து அடுக்கியிருந்த ஆபரேஷன் அறைப் பச்சைத் தொப்பிகளில் ஒன்றை எடுத்து, காது மறைய இறுக்கிக் கட்டினாள். ஒரு முடி வெளியே தெரியவில்லை. தொங்க ஒரு நூலும் இல்லை.

“டாக்டர் தலையில இருந்தா சுத்தம், என் தலையில இருந்தா ஆபத்தா?” என்றாள் அவனிடம்.

எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அரைமணியில் அலுவலகத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள், பிறகு என்னை.

அவள் கேட்டபடியே இந்தமுறை எழுத்தில் கொடுத்திருந்தார்கள். முக்காடு என்ற சொல்லே அதில் இல்லை. ஆஸ்பத்திரிப் பொருளைத் திருடியதால் வேலைநீக்கம். கீழே சாட்சிக்கு ஒரு கோடு.

“அவ எடுத்ததைப் பார்த்தியா இல்லையா?” என்றான்.

பார்த்திருந்தேன்.

“எடுத்தேன்னு எழுது. ஏன் எடுத்தேன்னும் சேர்த்து எழுது,” என்றாள் அவள் என்னிடம்.

கோட்டில் கையெழுத்துக்கு மட்டும்தான் இடமிருந்தது. போட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், பெண்கள் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். சலாம் சொன்னேன். பதில் சொல்வது கடமை, சொன்னாள். பிறகு என் தலையிலிருந்த முக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.