பொன்னுராஜ் எழுதிய பகுதி

கல்யாணமான கையோடு பரிபூரணமும் பொன்னுராஜும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கினார்கள். ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றுக்குச் சம்பளப் புரோகிராம் எழுதிக் கொடுத்ததுதான் அவர்களுடைய முதல் பெரிய வேலை. சம்பளக் கணக்கும் லீவுக் கணக்கும் அவள் எழுதியவை. சம்பளச் சீட்டை அச்சடிக்கும் பகுதி அவனுடையது. ஒரு குறையும் இல்லாமல் அது வருஷக்கணக்கில் ஓடியது.

தொண்ணூற்றாறில் மஞ்சள்காமாலை முற்றிப் பொன்னுராஜ் போய்ச் சேர்ந்தான். சில மாதங்கள் கழித்து, சம்பள நாளன்று மில்லில் புரோகிராம் பாதியில் நின்று திரை உறைந்துபோனது. மேனேஜர் வைகுண்டராஜ் ஆள் அனுப்பினார்.

போய் உட்கார்ந்தவள், தான் எழுதியதைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். லீவுக் கணக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினாள், நின்றது. சம்பளக் கணக்குக்குப் பதில் எல்லாருக்கும் ஒரே தொகையைப் போட்டு ஓட்டினாள், அப்போதும் நின்றது. தப்பு தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டாள். மிச்சமிருந்த அச்சுப் பகுதியை மனசில்லாமல் கழற்றிவிட்டு ஓட்டினாள். புரோகிராம் கடைசி ஆள்வரை தடங்கலின்றி ஓடி முடிந்தது.

அந்தப் பகுதியைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். பெயருக்கு இருபது எழுத்து இடம்தான் விட்டிருந்தான். புதிதாகச் சேர்ந்த ஒருவருடைய பெயர், தகப்பன் பெயரோடு சேர்ந்து அதைத் தாண்டி நீண்டு, பக்கத்தில் இருந்ததை அழித்திருந்தது. அவன் இருந்திருந்தால், ஏன் இப்படி வச்சீக என்று சண்டை பிடித்திருப்பாள். அவனும் சிரித்து மழுப்பியிருப்பான். கேட்க ஆளில்லை என்பது, அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்றைக்குக்கூட இப்படி உறைக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருபதை நாற்பதாக்கினாள். சீட்டுகள் கடகடவென்று அச்சாகி வந்தன.

வைகுண்டராஜ் பின்னால் வந்து நின்றார்.

"எதுலம்மா கோளாறு? அவரு எழுதுனதுலயா?"

"இல்ல சார். அவிய எழுதுனது சரியாத்தான் இருக்கு. என் கணக்குலதான் தப்பு."

இனி அந்தப் பிள்ளையை நம்பி வேலை கொடுக்க முடியாது என்று முதலாளி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டாள். மதுரைக் கம்பெனி ஒன்று புதுப் புரோகிராம் கொண்டுவந்தது. பழையதை அழிக்கும்போது கூட இருந்து காட்டிக்கொடுக்கச் சொல்லி மில்லிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கு மட்டும் அவளால் போக முடியவில்லை.