முகர்ந்து பார்த்து வாங்கியவர்

பதுளைக் கடையொன்றில்தான் அவரைப் பார்த்தேன். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், உச்சந்தலையில் கூடைக்கயிறு அழுத்திய தழும்பு. பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் வாங்க வந்தவர், ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"தோட்டத்து ஆளுங்களுக்கு இது போதும், எடுங்க," என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார்.

வாங்க வந்தவர் கடைக் கூஜாவிலிருந்த தண்ணீரை அதில் ஊற்றித் திருப்பி நீட்டினார்.

"மண்ணெண்ணெ வாடை அடிக்குதுங்க மொதலாளி. எம்புள்ளைங்க குடிக்கணும்னா, மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

கடைக்காரர் குடிக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, மேல்தட்டிலிருந்து வேறு பெட்டியை இறக்கினார். வாங்க வந்தவர் அதிலும் முதலிலிருந்து முகரத் தொடங்கினார்.

அதே கடையில் நான் வாங்கிய போத்தல் பையில் இருந்தது. வெளியே வந்து திறந்து முகர்ந்தேன். அதே வாடை. திரும்ப உள்ளே போகத்தான் உத்தியோகக்காரனான எனக்குத் தைரியம் வரவில்லை.