கை நனைக்காத விருந்தாளி

இட ஒதுக்கீடு கேட்டு ரோடு முழுக்க மரத்தை வெட்டிப் போட்டிருந்த வருஷம் அது. என் பெரிய பெண்ணைப் பார்க்க, மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எலவனாசூர்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு வந்தார். வந்ததோடு சரி. மத்தியானத்திலிருந்து பஸ் இல்லை.

சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபி ஆகும், தண்ணீர் ஆகும், சோறு ஆகாது. அந்த அம்மா இதில் ரொம்பக் கண்டிப்பு. இரண்டு நாள் டீக்கடை பன்னில் ஓட்டினார். மூன்றாம் நாள் பால் வராமல் டீக்கடையும் மூடிவிட்டது. என் வீட்டுக்கு வந்தவர் பசியோடு இருந்தார் என்று அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. இவர் மயங்கி விழுந்தால் சம்பந்தமும் அதோடு போச்சு. ராசியில்லாத பெண் என்று கதை கட்டிவிடுவார்கள்.

பசி மறக்கட்டும் என்று மத்தியானக் காட்சிக்கு அழைத்துப் போனேன். புதுப் படத்தின் பெட்டி வராததால், என்றைக்கோ திருப்பி அனுப்பாமல் கிடந்த இங்கிலீஷ் பேய்ப் படத்தைப் போட்டிருந்தார்கள். போஸ்டரை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் படம் தொடங்கிவிட்டது.

கருப்பு வெள்ளை. பாழடைந்த பெரிய வீடு. பத்திர வேலையாக வந்த பையனுக்கு வீட்டுக்காரன் மேசையில் சாப்பாடு வைத்தான். கருப்பு அங்கியோடு பக்கத்தில் நின்றானே தவிர, ஒரு வாய் சாப்பிடவில்லை.

“அவன் இன்னாத்துக்குத் துன்ன மாட்டேங்குறான்?” என்று அந்த அம்மா கேட்டார்.

“தெரியலீங்களே.”

முன் பெஞ்சுக் கிழவி திரும்பினாள். “அது ரத்தம் குடிக்கிற பேய். சோறு எறங்காது. சும்மா பாரும்மா.”

பிறகு அவன் கப்பலேறி, பெண் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். நல்ல உடுப்பு, நல்ல மரியாதை. பெண்ணையே பார்ப்பான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் அவள் கழுத்தில் வாயை வைத்தான். ரத்தம் ஒரு சொட்டுக் காட்டவில்லை. கிடா வெட்டுகிற குடும்பம் நாங்கள், எனக்கு ஏமாற்றம்தான். அந்த அம்மா முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். மாட்டு முளை மாதிரி ஒன்றை அவன் நெஞ்சில் அடித்துக் கொன்ற பிறகும் முந்தானையை எடுக்கவில்லை.

வரும் வழியில் பாதித் தூரத்தில் நின்றுவிட்டார்.

“ஏங்க, மூணு நாளா உங்க வூட்ல குந்திக்கினு பொண்ணையே பாத்துக்கினு இருக்கேன். சோறு துன்னல. தெருவுல என்னப் பத்தி இன்னா பேசுவாங்க?”

“ஒண்ணும் பேச மாட்டாங்க.”

முதல் நாளே பேசிவிட்டார்கள். அதை நான் சொல்லவில்லை.

வாசலில் செம்பை வாங்கிக் கையைக் கழுவினார். “நா சொன்னா பையன் சரிம்பான். எலைய போடுங்க.”

பெண்தான் பரிமாறினாள். கருவாட்டுக் குழம்பு. மூன்று தடவை சோறு வாங்கினார். நாலாவது தடவை நிமிர்ந்து, “சம்மந்தி, உப்பு ஒரு கல்லு கம்மி” என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. சம்மந்தி என்று சொன்னதால் விட்டுவிட்டேன்.

மறுநாள் பஸ் ஓடியது. அவர் அதற்கும் மறுநாள்தான் போனார்.