முளைப்பாரிக்குக் கொடுத்த மண்

கல்குவாரியை மூடின பிறகு மிஞ்சுவது ஒரு பெரிய பள்ளமும் சுற்றிலும் மொட்டைப் பாறையும்தான். அங்கே மரம் வைக்க மண் வேண்டும். மண்ணை வேறெங்காவது வெட்டிக் கொண்டுவந்தால் அங்கே இன்னொரு பள்ளம். அதனால் மண்ணுக்குப் பதிலாக எதைக் கொட்டலாம் என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. படப்பைக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு குவாரிக்காகக் கல் உடைக்கும் கிரஷரில் மிஞ்சும் தூள், குப்பையிலிருந்து செய்த உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றையும் கலந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பிளாட்டின் மொட்டை மாடியில், டிரம்களில் அந்தக் கலவையை நிரப்பி, நர்சரியில் வாங்கிய புங்கன் கன்றுகளை நட்டேன். எல்லாம் பச்சைப் பசேலென்று நின்றன. அந்தத் தைரியத்தில் குவாரியிலும் அதையே கொட்டிக் கன்று வைத்தாயிற்று.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். துணி காயப்போட வருகிறவர்களை நிறுத்தி வைத்து, "இது மண்ணே இல்ல, ஆனா மண்ண விட உசத்தி" என்று வகுப்பெடுப்பேன். தரைத்தளத்து அக்கா மட்டும்தான் கடைசிவரை நின்று கேட்பார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர். அவருடைய மகள் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமென்று, ஆடியில் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பதாக அக்கா நேர்ந்துகொண்டிருந்தார்.

முளைப்பாரி என்றால் சட்டியில் மண் போட்டுப் பயறு விதைத்து வளர்ப்பது; அது செழித்தால் நேர்ந்தது பலிக்கும், கருகினால் கெட்ட சகுனம் என்பார்கள். அதற்கு மண் வேண்டும். எங்கள் காலனியில் பிடி மண் கிடையாது, எங்கும் சிமெண்ட். ஏரி மண்ணில் சாக்கடை நாற்றம்.

"சார், உங்க மண்ணுல கொஞ்சம் தருவீங்களா?" என்று அக்கா கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். நானே வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கோயிலில் அவருடைய பாரிதான் உயரமாக நிற்கும் என்று சும்மா இருக்காமல் சொல்லியும் வைத்தேன்.

முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். வளர்க்கிறவரைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. அக்கா விரதமிருந்து, குளித்து, ஈரப்புடவையோடு போய்த் தண்ணீர் தெளித்துவந்தார். கோயிலுக்கு எடுக்கும் நாள் நெருங்கிய ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வழக்கத்தை மீறிச் சட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். பயறெல்லாம் தோல் வெடித்து, வெளியே நீட்டிய நுனி கருகிக் கிடந்தது. ஒன்றுகூட நிமிரவில்லை.

"எம் பொண்ணுக்கு என்னமோ ஆகப்போகுது சார். அம்மன் காட்டிட்டா."

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாம் உரத்திலிருந்த உப்பு. சோதனையிலேயே உப்பு தூக்கலாகத்தான் வந்திருந்தது. நாலு மழை பெய்தால் கரைந்துவிடும், கன்றுதான் நன்றாக இருக்கிறதே என்று ஒதுக்கியவன் நான்தான். விதை போட்டுப் பார்க்கவும் இல்லை. பாறை மேல் எவன் பயறு விதைக்கப்போகிறான் என்று ஒரு மிதப்பு.

"அக்கா, அம்மன் ஒண்ணும் காட்டல. நான் குடுத்த மண்ணு சரியில்ல."

"எனக்காகச் சொல்றீங்க. மரமே வளர்ற மண்ணுல பயறு வளராதா?"

என் வகுப்பை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். உப்பைப் பற்றி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. உள்ளறையில் மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், "மாடிக்கு வாங்கக்கா" என்றேன்.

இருப்பதிலேயே செழிப்பான கன்று ஒன்று உண்டு. ஆபீசிலிருந்து யார் வந்தாலும் அதைத்தான் காட்டுவேன். அதன் தண்டைப் பிடித்து இழுத்தேன். பிடிமானமே இல்லாமல் கையோடு வந்தது. நட்டு மாதக்கணக்காகியும் அடியில் நர்சரிப் பையின் அளவிலேயே ஒரு செம்மண் உருண்டை. வேர்கள் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. வெளியே எட்டிப் பார்த்த இரண்டொன்றும் நுனி கருகியிருந்தன, அந்தப் பயறு மாதிரியே. என் கலவையில் எதுவுமே வளரவில்லை. நர்சரிக்காரன் கொடுத்த செம்மண்ணில்தான் அது இத்தனை நாள் பிழைத்திருக்கிறது. கூசிப்போனேன்.

அக்கா கருகிய நுனியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரருகே போய்க் கீழே குரல் கொடுத்தார்.

"ஏ புள்ள, மண்ணுதான்டி கோளாறு. நீ போய்ச் சாப்பிடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் மற்ற டிரம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்ப குவாரில வெச்சதெல்லாம், சார்?"

கன்று இன்னும் என் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பி நட என்னிடம் வேறு மண் இல்லை.