இரண்டு டீமுக்கும் தோல்வி கொடுத்த வசில் அண்ணை

வசில் அண்ணை போய்விட்டார்.

காலையில் சூப்பர்வைசரிடமிருந்து டெக்ஸ்ட் வந்தது. ஹார்ட் அட்டாக்... வேலைக்கு வரும் வழியில், பஸ் ஸ்டாப்பிலேயே முடிந்துவிட்டதாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வசில் உக்ரைன்காரர். லண்டன் பார்க் ரோயலில் எங்கள் பாண் சுடும் பேக்டரியில் எனக்குப் பக்கத்து லைனில் ஏழு வருடம் நின்றவர்.

எங்கள் ஷிப்டில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள். அதனால் அவரும் "அண்ணை" ஆகிவிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் நாலே நாலு சொல்... அண்ணை, பாண், கெதியா, பொறு.

மனுசன் வாயைத் திறந்தால் ஃபுட்போல்தான். பெரிய கிளப் ஒன்றும் இல்லை, அவருடைய ஊர் கிளப். பேர் சொன்னால் உங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் இன்றுவரை அதை ஒழுங்காகச் சொல்ல வராது.

உக்ரைன் முதல்முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போன கோடையில் நாங்கள் எல்லாரும் போய் அவருக்குக் கை குலுக்கினோம். மனுசன் முகத்தைச் சுளித்தார். (அவருடைய இங்கிலீஷை எங்கட தமிழிலேயே எழுதுகிறேன்.)

"அது நாட்டு டீம். டிவியில வரும். என்ர கிளப்பை ஆர் காட்டுறான்?"

டீ பிரேக்கில் அந்தக் கிளப்பின் வரலாறு தொடங்கும். சீனி ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து உண்டாக்கியது... முதலில் ஆலையின் பேர். சோவியத் உடைந்து ஆலையும் படுத்த பிறகு நகரத்தின் பேர். அப்புறம் ஒரு உர வியாபாரி வந்து தன் கம்பெனியின் பேரை வைத்தான்.

ஒரே ஒரு முறை மேல் லீக்குக்கு ஏறி, அடுத்த வருடமே இறங்கியது. அந்த ஒரு வருடத்தின் கதையை மட்டும் நான் நூறு தரமாவது கேட்டிருப்பேன்.

ஆனால் அந்தக் கிளப் எப்படி முடிந்தது என்று மட்டும் சொன்னதில்லை. கேட்டால் "பொறு" என்பார். பிரேக் முடிந்துவிடும்.

அதே கோடையில்தான் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் லண்டன் கிளை இரண்டாக உடைந்தது. லண்டனில் ஒரு தமிழ்ச் சங்கம் உடையாமல் இருக்கிறதென்றால் அதில் ஒரே ஒரு உறுப்பினர்தான் என்று அர்த்தம்... அது உங்களுக்கே தெரியும்.

செயலாளர் பதவிக்கு இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் என் சின்னம்மாவின் மகன் தவம். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், எட்டு மாதம் முகம் பார்க்கவில்லை.

சின்னம்மா இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி போன் எடுத்து அழுதா. எனக்கும் வேதனைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் ஆர் முதலில் போய்க் கதைப்பது?

அடுத்த வருடம் வசந்தத்தில் டூட்டிங் பக்கம் நடந்த டோர்னமென்டில் எங்கள் இரண்டு பிரிவும் மோத வேண்டி வந்தது. மத்தியஸ்தராக ஆரைப் போட்டாலும் ஒரு பக்கத்துக்கு மச்சானோ மாமனோ ஆகிவிடுவான். ஒரு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஆள் எனக்குத் தெரிந்து வசில் அண்ணை ஒருவர்தான். தன் ஊரில் மாவட்ட மட்ச்களுக்கு விசில் ஊதியவரும் கூட.

வந்தார். கறுப்பு ஜேர்சி, கறுப்புக் காற்சட்டை, மடிப்புக் கலையாமல்.

நாங்கள் மெரூன் ஜேர்சியில் இறங்கினோம், கழகத்தின் நிறம் அதுதானே... எதிரே தவத்தின் ஆட்களும் மெரூன். அதே சின்னம். அதன் கீழே தொடங்கிய ஆண்டும் அதே ஆண்டு.

"ஒரு டீம் மாத்துங்கோ" என்றார் வசில் அண்ணை. மைதானக்காரர் மஞ்சள் மேற்சட்டைகளைக் கொண்டுவந்து புல்லில் போட்டார். ஒருத்தனும் தொடவில்லை. மாற்றினால் உண்மையான கழகம் நாங்கள் இல்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

மனுசன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். பிறகு நீளமாக ஒரு விசில்.

"மட்ச் முடிஞ்சுது. இவை மூண்டு–சைபர் தோல்வி. அவையும் மூண்டு–சைபர் தோல்வி."

"ஐயோ, பந்தையே தொடேல்லையப்பா!"

கத்திக்கொண்டு ஓடினோம். ஓடிப்போய் நின்ற பிறகுதான் பார்த்தேன், எனக்குப் பக்கத்தில் நின்று கத்துவது தவம்.

"உவருக்கென்ன விசரே?" என்று என்னிடம்தான் கேட்டான்.

"ஓம். முழு விசர்" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்த முதல் கதை அதுதான்.

திங்கட்கிழமை பிரேக்கில் அவரைப் பிடித்துக்கொண்டேன். என்ன மானக்கேடு அண்ணை இது என்று ஏசினேன். அன்றைக்குத்தான் அந்தக் கிளப்பின் முடிவைச் சொன்னார்.

"நான் உந்த மட்சை முந்தியே பாத்திட்டன். எங்கட நகரசபையும் உர வியாபாரியும் கிளப் தன்ரை எண்டு அடிபட்டு, ஒரு மட்சுக்கு ரெண்டு வாசலால ரெண்டு டீம் விட்டவை. ஒரே ஜேர்சி. சனத்துக்கு ஆருக்குக் கை தட்டுறதெண்டு தெரியேல்லை."

"பிறகு?"

"லீக்கால வெட்டிப்போட்டாங்கள். அடிபட்ட ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கினம். கிளப்தான் இல்லை."

சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் எழும்பிப் போனார். அன்று பின்னேரம் தவத்துக்கு நான்தான் போன் எடுத்தேன்.

இப்போது கழகம் ஒன்றுதான். தவம் செயலாளர், நான் உபசெயலாளர். அது எனக்கு இன்னும் செமிக்கவில்லை, அது வேறு கதை.

போன மாதம் வசில் அண்ணை கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ காட்டினார். அவருடைய கிளப்பை ஊர்ப் பொடியள் திரும்பத் தொடங்கிவிட்டார்களாம், அமெச்சூர் லீக்கில், அந்தப் பழைய ஆலைப் பேரிலேயே. முதல் ஹோம் மட்சுக்குப் போக லீவும் எழுதிக் கொடுத்திருந்தார்.

சிரித்துக்கொண்டே காட்டினார்... இன்று முழுக்க அந்த முகம்தான் எனக்கு முன்னால் நிற்கிறது. தாங்க ஏலாமல் கிடக்கு.

வசில் அண்ணை, வெள்ளிக்கிழமை உங்கட சேர்ச்சில் ஆராதனையாம். போயிட்டு வாங்கோ அண்ணை.

எங்கட கழகத்தின் பேரில் மலர்வளையம் ஒன்றுதான் வரும். நானும் தவமும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு வாறம்.